ரெண்டகன் தின்ன உப்பு

உக்காருங்க சம்பந்தி, உக்காருங்க. இலையை விட்டு எந்திரிக்காதீக. ஏ, அந்தக் குழாயைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கல, பாட்டு அப்புறம் கேக்கலாம்.

சோத்துல உப்பில்ல, சாம்பார்ல உப்பில்ல, பொண்ணு வீட்டுக்காரங்களை வரவழைச்சு அவமானப்படுத்துதாகன்னு உங்க கரிசல்காட்டுச் சனம் முணுமுணுக்குறது என் காதுல விழாம இல்ல. பத்திரிகையில மாப்பிள்ளை பேரைப் பாத்துட்டு, "ரெண்டகனாம்ல! துரோகின்னு பெத்த பிள்ளைக்கு எவனாவது பேரு வைப்பானா?"ன்னு பஸ்ஸுல வரும்போதே சிரிச்சீகளாம். அந்தச் சேதியும் வந்து சேந்துருச்சு. சிரிங்க, சிரிங்க. நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பன். எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும்னு ஊருக்கே தெரியும். ஆனா இன்னைக்குக் கோவப்படப் போறதில்ல. சோறு ஆறுறதுக்குள்ள ஒரு கதை சொல்லுதேன். கேட்டுட்டு அப்பவும் எந்திரிக்கணும்னா எந்திரிங்க, நானே வாசல் வரைக்கும் வந்து செருப்பு எடுத்துத் தாரேன்.

அது எந்தக் காலம்னு கேட்டா எனக்குத் தெரியாது. எங்க அய்யாவுக்கும் தெரியாது. கடலு இப்பக் கிடக்குற இடத்துக்குக் கூப்பிடு தூரம் அங்கிட்டுக் கிடந்த காலம்னு சொல்லுவாக. அப்ப இந்த அளத்துறையில நாப்பது வீடு இருந்துச்சாம். நாப்பது வீட்டுக்கும் தொழில் உப்பு.

கடல்ல இருந்து ஒரு ஓடை ஊருக்குள்ள வரும். வரும்போது பாத்தீகளே, பாலத்துக்குக் கீழ, அதேதான். ஓடை வாயில பனந்தடி நட்டு ஒரு மடை கட்டியிருந்தாக. உப்புத்தோணி வந்துபோக நடுவுல ஒரு வாய். அதுல பலகையை இறக்கிட்டா கடல்தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது. ஓடைக்கரை நெடுக சின்னச் சின்ன மடை இருக்கும். அதைத் திறந்தா ஓடைத்தண்ணி தெப்பத்துக்குப் பாயும். தெப்பம்னா உங்க ஊரு ஊருணி மாதிரி பெரிய பள்ளம். அங்க இருந்து பாத்திக்குப் போகும், பாத்தியில வெயிலு அதை உப்பாக்கும். இதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

அந்தக் காலத்துல கடலுக்குள்ள ஒரு தீவுல சங்கிலிக்கண்டன்னு ஒரு கொள்ளைக்காரன் இருந்தானாம். அவன் ஆளுக எல்லாம் அவனை மூப்பன்னு கூப்பிடுவாக. மூணு தோணி, தோணிக்குப் பதினஞ்சு பேரு. கரையோர ஊருல இறங்குவான், இருக்குறதை எல்லாம் வழிச்சு எடுப்பான், வயசுப் பிள்ளைகளைக் கட்டித் தூக்கிட்டுப் போயி அந்நியக் கப்பல்காரனுக்கு வித்துருவான். சங்கிலிக்கண்டன் வாரான்னு சொன்னா அழுத பிள்ளை வாயை மூடுமாம்.

அவனுக்கு வலது கையா இருந்தவன் பேரு மாசானம். நம்ம கதை இவன் கதைதான்.

மாசானம் எந்த ஊரு, யாரு பெத்த பிள்ளை, அது யாருக்கும் தெரியாது. ஒரு ஐப்பசிப் புயல்ல தோணி கவுந்து, ஒத்தைப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு மூணு நாளு கடல்ல கிடந்திருக்கான். அப்ப மீசை முளைச்ச வயசு. சங்கிலிக்கண்டன் தோணி அந்தப் பக்கம் வந்துச்சு. மூப்பனே தண்ணியில குதிச்சு, இவன் தலைமயிரைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டானாம். கஞ்சி ஊத்துனானாம். அப்புறம் பனையோலையில முடைஞ்ச ஒரு கொட்டானை அவுத்து, அதுல இருந்து ஒரு கல்லு உப்பை எடுத்து இவன் உள்ளங்கையில வச்சானாம்.

"ஏல, இதை நக்குனா நீ என் ஆளு. நக்காட்டி, பலகை அந்தா மிதக்குது, போயிக்கிட்டே இரு."

மாசானம் நக்குனான்.

"சொல்லு. உப்புக்கு ரெண்டகம் இல்ல."

"உப்புக்கு ரெண்டகம் இல்ல மூப்பரே."

அந்தக் கூட்டத்துக்கு அது ஒண்ணுதான் சட்டம். கொலை பண்ணலாம், கொள்ளை அடிக்கலாம், தின்ன உப்புக்கு ரெண்டகம் பண்ணக்கூடாது. நல்ல சட்டம்தான், என்ன சொல்லுதீக!

பன்னெண்டு வருசம் ஓடிப்போச்சு. மாசானம் சுக்கான் பிடிச்சா தோணி சொன்ன பேச்சு கேக்கும். மூப்பன் முதுகுக்குப் பின்னால ஈட்டியோட நிக்குறவனும் அவன்தான். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்லுவாக. சங்கிலிக்கண்டன் யாருக்கும் கழுத்தைக் காட்டமாட்டான். தூங்கும்போதுகூடத் துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் தூங்குவான். அவனுக்குச் சவரம் பண்ணுறது மாசானம் ஒருத்தன்தான். அந்தக் கையில கத்தி இருந்தா மட்டும் மூப்பன் தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கிட்டு, குறட்டை விடுவானாம். அம்புட்டு நம்பிக்கை.

ஒரு மாசி மாசம் மூப்பன் சொன்னான், "ஏல மாசானம், அளத்துறையில இந்த வருசம் உப்பு மலை மாதிரி குமிஞ்சு கிடக்காம். வீட்டுக்கு வீடு வயசுப் பிள்ளைக இருக்காம். யாவாரி மாதிரி போ. ஆம்பிளைக எப்ப ஊருல இருக்கமாட்டானுக, தோணி எங்க வரைக்கும் போகும், பாத்துட்டு வா."

மாசானம் போனான். தலையில முண்டாசு, தோள்ல ஒரு பை, உப்பு வாங்க வந்த யாவாரி. ஊருல பேராச்சின்னு ஒருத்தி இருந்தா. ஒத்தைப் பொம்பளை. அவ அய்யா பன்னெண்டு வருசத்துக்கு முந்தி உப்புத்தோணியோட போனவரு திரும்பி வரல. அவரு விட்டுப்போன பாத்தியை அவளே மிதிச்சு, அவளே வாரி, அவளே யாவாரம் பேசுவா. வாய்க்கு ஊரே பயப்படும். ஆனா வந்தவங்களுக்குச் சோறு போடாம அனுப்பமாட்டா. யாவாரிக்கும் இலை போட்டா.

"தாயி, எனக்கு உப்பில்லாமப் போடு," மாசானம் சொல்லுதான்.

"ஏன்?"

"வயித்துவலி. வைத்தியர் உப்பைத் தொடக்கூடாதுன்னுட்டாரு."

ஏன் அப்பிடிச் சொன்னான்னு உங்களுக்குப் புரியுதா? அந்த ஊரு உப்பைத் தின்னுட்டா அந்த ஊருக்கு ரெண்டகம் பண்ண முடியாதே! கொள்ளைக்காரனா இருந்தாலும் மாசானம் அதுல சுத்தம். அவ சோறு வேணும், அவ உப்பு வேண்டாம். அப்பிடி ஒரு கணக்கு.

மூணு நாளு உப்பில்லாச் சோறு தின்னான். பேராச்சியும் கேட்ட மாதிரியே போட்டா. பகல் பூரா அளத்தைச் சுத்திப் பாத்தான். ஓடையை ஆழம் பாத்தான். மடையைப் பாத்தான். பிள்ளைக தெப்பத்துல குதிச்சு விளையாடுறதைப் பாத்தான். ஒரு கைப்பிள்ளை தத்தித் தத்தி வந்து இவன் முண்டாசைப் பிடிச்சு இழுத்துட்டுச் சிரிச்சிச்சாம். அன்னையில இருந்து இவனுக்குத் தொண்டையில சோறு சரியா இறங்கல. உப்பில்லாததுனாலன்னு நினைச்சுக்கிட்டான்.

மூணாம் நாளு மத்தியானம் பேராச்சி அவனைக் கூப்பிட்டா. "யாவாரி அண்ணாச்சி, வாரும். எந்தப் பாத்தி உப்பு வேணும்னு சொல்லும்."

அவன் நாலு பாத்தியைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தான். கையில அள்ளிப் பாத்தான். "இந்தப் பாத்தி உப்பு நல்லா இருக்கு தாயி."

பேராச்சி இடுப்புல கையை வச்சுக்கிட்டு அவனை ஏற இறங்கப் பாத்தா.

"எப்பிடித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே. வெள்ளை வெளேர்னு இருக்கு."

"அட மடப்பயலே!" கேட்டீகளா, இப்பிடித்தான் சொன்னாளாம். "எங்க ஊருக்கு எத்தனையோ யாவாரி வந்திருக்கான். குடிகாரன் வந்திருக்கான், கூனன் வந்திருக்கான். நாக்குல வைக்காம உப்பு வாங்குனவன் ஒருத்தன் வந்ததில்ல. கசக்குதா, கரிக்குதா, மண்ணு கலந்திருக்கான்னு கண்ணுக்கா தெரியும்? எந்த வைத்தியர்டா சொன்னான் யாவாரியை உப்பைத் தொடாதேன்னு?"

ஈட்டிக்குப் பயப்படாத பய, உப்பு வாருற பலகையைப் பிடிச்சு நின்ன பொம்பளைக்கு முன்னால முழிக்கான்.

"வா வீட்டுக்கு," அவ முன்னால நடந்தா. வீட்டுக்குள்ள போயி, கூரைச் செத்தையில செருகி வச்சிருந்த ஒரு பழைய ஓலைக் கொட்டானை எடுத்துட்டு வந்து அவன் முன்னால வச்சா. "இது எங்க அய்யா கடைசியாக் கட்டுன கொட்டான். இதுல இருக்குறது இந்த ஊரு உப்பு. நீ நல்லவனா இருந்தா ஒரு கல்லு நாக்குல வை. இல்லாட்டி நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

மாசானம் கொட்டானைப் பாத்தான். உப்பைப் பாக்கல. அதைக் கட்டியிருந்த நாரு முடிச்சைப் பாத்தான். ரெண்டு நுனியும் விரிஞ்சு மீன்வால் மாதிரி நிக்குற முடிச்சு. பாத்த கண்ணை எடுக்க முடியல அவனுக்கு.

"இந்த முடிச்சு..." வாய் தவறி வந்துருச்சு. "இந்த முடிச்சை நான் பாத்திருக்கேன்."

"எங்க?" பேராச்சி குரல் மாறிப்போச்சு. "இது எங்க அய்யா முடிச்சு. இந்தக் கடக்கரையில வேற யாருக்கும் போடத் தெரியாது. எங்க பாத்த?"

பாத்தது எங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். பன்னெண்டு வருசத்துக்கு முந்தி, தோணித் தட்டுல நனைஞ்ச கோழி மாதிரி நடுங்கிக்கிட்டு இவன் கிடந்தப்ப, மூப்பன் அவுத்தானே ஒரு கொட்டான், அதுல. அன்னைக்குத் தோணி நிறைய அந்தக் கொட்டான்தான் அடுக்கியிருந்துச்சு. அதுக்கப்புறமும் எத்தனை தோணியை மறிச்சு எத்தனை உப்பைத் தூக்கியிருக்காக! அத்தனையும் இந்த ஓடையில இருந்து போன தோணி.

மாசானம் உண்மையைச் சொல்லிட்டான். எல்லாத்தையும் சொன்னான். சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், இப்ப இவ பலகையை எடுத்து மண்டையில போடுவான்னு.

பேராச்சி போடல. அப்பிடியே உக்காந்து ஒருபாட்டம் அழுதா. அய்யா செத்ததுக்குப் பன்னெண்டு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் அழுதாளாம். அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டுக் கேட்டா, "உங்க மூப்பன் உனக்கு உப்பு குடுத்தானா?"

"ஆமா."

"அந்த உப்பை அவன் விளைவிச்சானா?"

"இல்ல."

"விலை குடுத்து வாங்குனானா?"

"இல்ல."

"அப்ப நீ பன்னெண்டு வருசமா யாரு உப்பைத் தின்னுக்கிட்டு இருக்க?"

மாசானம் அந்த முடிச்சைத் தடவிக்கிட்டே இருந்தான்.

"சொல்லுடா. யாரு உப்பு?"

"உங்க உப்பு," அவன் சொன்னான். சொன்ன உடனே குத்துக்கல்லு மாதிரி இருந்தவன் பொலபொலன்னு உடைஞ்சு போனான். மூணு நாளா இறங்காத சோறு எதுனாலன்னு அப்பத்தான் அவனுக்கே விளங்குச்சு.

"தாயி, உப்பு உங்க உப்பு. ஆனா கடல்ல இருந்து என் தலைமயிரைப் பிடிச்சுத் தூக்குன கை அவரு கைதானே? அந்த உயிருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பேராச்சி முந்தானையை உதறிக்கிட்டு எந்திரிச்சா. "அவன் குடுத்த உயிருக்கு அவன் உயிரைத் திருப்பிக் குடுத்துரு. அவன் உயிருக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கிடுதேன். எங்க ஊருப் பிள்ளைகளுக்கும் ஒண்ணும் வரக்கூடாது, நீ பாத்துக்க."

பாருங்க சம்பந்தி, அய்யாவைக் கொன்னவன் உயிருக்கு மக சத்தியம் பண்ணிக் குடுக்கா. அந்த மனசு யாருக்கு வரும்?

மடையை வச்சு அவகூட ஒரு யோசனை பேசி முடிச்சுட்டு மாசானம் தீவுக்குத் திரும்பி வந்தான். மூப்பன் அவனைப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே கல்லுல உக்காந்தான். "வால, எத்தனை நாளாச்சு, மூஞ்சியெல்லாம் அரிக்குது. சிரைச்சு விட்டுக்கிட்டே சொல்லு."

தலையை அண்ணாந்துட்டான். கண்ணை மூடிட்டான். மாசானம் கையில கத்தி. கத்திக்குக் கீழ மூப்பன் குரல்வளை ஏறி இறங்குது. ஒரு இழுப்பு இழுத்தா ஊரு தப்பிச்சுரும். மடையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். மாசானத்துக்குக் கை நடுங்குச்சு. கத்தி லேசாப் பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்துச்சு.

மூப்பன் கண்ணைத் திறக்காமலே கேட்டான், "என்னல, கை நடுங்குது?"

"மூணு நாளு உப்பில்லாச் சோறு மூப்பரே. உடம்புல தெம்பில்ல."

"அட கிறுக்கா! அந்த ஊரு உப்பைத் தொடாமயா இருந்த? நீதாம்ல என் பிள்ளை!" சொல்லிட்டு மூப்பன் இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டிக் குடுத்தான்.

அந்தச் சொல்லு மாசானத்தை அறுத்துருச்சு. இந்தக் கழுத்தை நம்மளால அறுக்க முடியாது, அந்த ஊரையும் விடமுடியாதுன்னு அங்கனதான் அவனுக்கு உறுதியாச்சாம். கத்தியைத் துடைச்சுட்டுக் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான்.

"ஆம்பிளைக எப்ப இருக்கமாட்டானுக?"

"பங்குனி உத்திரத்துக்கு வருசா வருசம் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிருவாக மூப்பரே."

"தோணி எங்க வரைக்கும் போகும்?"

"உச்சிப்பொழுதுல பௌர்ணமி வெள்ளம் ஏறுனா ஓடை வழியா ஊரு நடுவுக்கே போகும்."

"வெள்ளம் எப்ப வத்தும்?"

"பொழுது சாயுறப்ப."

மூப்பன் கணக்குப் பாத்தான். சரியா இருந்துச்சு. அவனுக்குத் தெரியாத கடலா? இந்த மூணு கேள்விக்கும் மாசானம் ஒத்தைப் பொய்கூடச் சொல்லல, கவனிச்சீகளா? மடையைப் பத்தி மூப்பன் கேக்கல, இவனும் சொல்லல. கடலைக் கரைச்சுக் குடிச்சவன், பாவம், உப்பளத்தை எட்டிக்கூடப் பாத்ததில்ல.

பங்குனி உத்திரமும் வந்துச்சு. காலையில அளத்துறை ஆம்பிளைக எல்லாம் வண்டி கட்டி, மணி கிலுகிலுங்க, சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புனாக. தேரி மணல்மேட்டைத் தாண்டுன உடனே வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா வந்து, உப்புக் குவியலுக்குப் பின்னால குத்தவச்சு உக்காந்துட்டாக. தெப்பத்துல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அஞ்சு நாளா இறைச்சு இறைச்சு வத்தவச்சிருந்தாக.

உச்சிப்பொழுது. வெள்ளம் ஏறுச்சு. மூணு தோணியும் பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடைக்குள்ள நுழைஞ்சுச்சு. மொதத் தோணியில மாசானம் சுக்கான் பிடிச்சு நிக்கான். பனந்தடியைத் தாண்டுறப்ப அவன் பின்னால வார தோணியைத் திரும்பித் திரும்பி எண்ணுதான். மூணாவது தோணியும் தாண்டிருச்சு.

அவ்வளவுதான். படக்குன்னு வாய்மடையில பலகை இறங்குச்சு. ஓடைக்கரை நெடுக அத்தனை மடையையும் ஒரே நேரத்துல பிடுங்குனாக. ஓடைத்தண்ணி பூராவும் சலசலன்னு தெப்பத்துக்கு ஓடுது. வெத்தலை போட்டு மென்னு துப்புறதுக்குள்ள தோணி ஒரு முழம் இறங்கிருச்சு.

"ஏல மாசானம்," மூப்பன் குனிஞ்சு பாக்கான், "தண்ணி எங்கல போகுது?"

மாசானம் சுக்கானை விட்டுட்டுத் தள்ளி நின்னான்.

"உச்சியிலதானல நிக்குது பொழுது. இப்ப எப்பிடில வத்தும்?"

தோணி சொத்துன்னு சேத்துல உக்காந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கொள்ளைக்காரப் பயலுக வாளைத் தூக்கிக்கிட்டுத் தொம்மு தொம்முன்னு கீழ குதிச்சானுக. உப்பளத்துச் சேறு யாரை விட்டுச்சு? முட்டு வரைக்கும் இழுத்துருச்சு. ஒரு காலைப் பிடுங்குனா இன்னொரு காலு போகுது. கரையில பாத்தா ஊரே நிக்குது. ஆம்பிளைக, பொம்பளைக, கையில மீன்வலை, உப்பு வாருற பலகை, கல்லு. வீச்சுவலையை எடுத்து வீசுனாக பாருங்க, மூப்பன் தவிர நாப்பத்திமூணு பேரும் சாளை மீனு மாதிரி துடிக்கானுக.

அப்பத்தான் மூப்பனுக்கு விளங்குச்சு. முட்டளவு சேத்துல நின்னுக்கிட்டு, தோணி மேல நிக்குற மாசானத்தைத் திரும்பிப் பாத்தான்.

"ரெண்டகா!"

ஓடை பூரா அந்தச் சத்தம் எதிரொலிச்சுச்சாம்.

"உப்பைத் தின்னுட்டு உப்புக்கு ரெண்டகம் பண்ணிட்டியே! ரெண்டகா! என் பிள்ளைன்னு நினைச்சேனேல! ரெண்டகா!"

மூணு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவைக்கும் மாசானத்துக்கு உடம்பு கூசிச்சு. இந்தப் பேரு இனிமே சாகுற வரைக்கும் போகாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு.

கரையில இருந்து பேராச்சி சொன்னா, "யாரையும் கொல்லமாட்டோம். ஆயுதத்தைச் சேத்துல போட்டுட்டு, எங்க உப்பை ஒரு கல்லு நாக்குல வச்சுட்டுப் போங்க." அவ புத்தியைப் பாருங்க! உப்பு தின்ன ஊருக்கு அவனுக திரும்பக் கொள்ளையடிக்க வரமுடியாதே. அவனுக சட்டத்தைக் கொண்டே அவனுகளைக் கட்டிப்போட்டுட்டா. வரிசையா ஒவ்வொருத்தனும் ஆயுதத்தைப் போட்டான், கையை நீட்டுனான், நக்குனான், "உப்புக்கு ரெண்டகம் இல்ல" சொன்னான். நாப்பத்திமூணு பேரு நக்கிட்டான். மூப்பன் மட்டும் அசையல. வாளைப் பிடிச்சுக்கிட்டு, "வெட்டுங்கல என்னை"ன்னு நிக்கான்.

பேராச்சி கரையில இருந்து எறிஞ்ச அந்தப் பழைய கொட்டானைப் பிடிச்சுக்கிட்டு மாசானம் சேத்துக்குள்ள இறங்குனான். "போகாத, வெட்டிருவான்"னு கரையில கத்துதாக. அவன் கேக்கல. தத்தளிச்சுத் தத்தளிச்சு மூப்பன் வாளு எட்டுற தூரத்துக்கே போயி நின்னான்.

"மூப்பரே, இந்த முடிச்சைப் பாரும்."

"முடிச்சுல என்னல இருக்கு?"

"நீரு எனக்கு மொத மொத அவுத்த கொட்டான்ல இருந்த முடிச்சு. கட்டுனது அந்தா நிக்குற பொம்பளையோட அய்யன். தோணியோட அவரைக் கடல்ல முக்குனது நீரு. பன்னெண்டு வருசமா நான் தின்னது இந்த ஊரு உப்பு. நீரு அதுக்கும் முந்தி இருந்து தின்னுதீரு. நாம தின்ன உப்புக்குத்தானே இன்னைக்குத் தீ வைக்க வந்தோம்? சொல்லும், யாரு உப்பு?"

மூப்பன் முடிச்சைப் பாத்தான். மாசானத்தைப் பாத்தான். குவிஞ்சு கிடந்த உப்பைப் பாத்தான். வாளு நுனி மெல்ல மெல்லத் தாழ்ந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தவன் திடீர்னு சிரிச்சானாம். வயிறு குலுங்கச் சிரிச்சானாம்.

"ஏல, உப்பு உப்புன்னு ஊரையே சத்தியம் பண்ண வச்சேனே. ஒரு கல்லு உப்பு நான் விளைவிச்சதில்லையேல!"

வாளைச் சேத்துல போட்டான். கையை நீட்டுனான். மாசானம் உள்ளங்கையில உப்பு வச்சான். மூப்பன் நக்குனான். கரையில நின்ன அம்புட்டுப் பேரும் அப்பத்தான் மூச்சை விட்டாகளாம். உஸ்ஸுன்னு அந்தச் சத்தம் கேட்டு ஓடையில இருந்த கொக்கெல்லாம் பறந்து போச்சாம்.

"அப்ப நீ ரெண்டகன் இல்லல," மூப்பன் சொல்லுதான்.

"இருந்துட்டுப் போறேன் மூப்பரே. உப்புக்கு ரெண்டகம் பண்ணல. ஆனா கழுத்தைக் குடுத்து நம்புன உம்மை ஏமாத்துனது ஏமாத்துனதுதான். அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும்."

பலகையைத் தூக்குனாக. கடல் உள்ள வந்துச்சு. தோணி மிதந்துச்சு. ஏறிப் போனாக. ஓடை வாயைத் தாண்டுறப்ப மூப்பன் திரும்பி நின்னு, கழுத்தைத் தடவிக்கிட்டுக் கத்துனானாம், "ஏல ரெண்டகா! இனி யாருல எனக்குச் சவரம் பண்ணுவா?"

மாசானம் சிரிச்சான். சிரிக்கும்போதே அழுதான். பாவி மனுசனுக்குப் பெத்தவனை விட்ட மாதிரி இருந்துச்சு.

மாசானம் அளத்துறையிலயே இருந்துட்டான். ஊரு அவனை ரெண்டகன்னே கூப்பிட்டுச்சு. மொதல்ல கேலியா, அப்புறம் பழக்கமா, அப்புறம் பாசமா. பேராச்சி அவனைக் கட்டிக்கிட்டா. ஆனா ஒண்ணு, சாப்பிட உக்காந்தா மொதக் கைச் சோத்தை உப்பில்லாமத்தான் தின்பானாம். அது மூப்பனுக்கு. ரெண்டாவது கைக்கு முந்தி பேராச்சியைக் கேப்பானாம், "யாரு உப்பு?" அவ சொல்லுவாளாம், "நம்ம உப்பு." உங்க உப்புன்னு அன்னைக்குச் சொன்னானே, அதை அவ மாத்திட்டா. அது கேட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும்.

கதை இன்னும் முடியல, பொறுங்க. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஓடை வாயில ஒத்தைத் தோணி வந்து நின்னுச்சு. ஊரே உப்பு வாருற பலகையைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. தோணியில ஒரே ஒரு ஆளு. கையில ஆயுதம் இல்ல. தாடி தொப்புளு வரைக்கும் தொங்குது.

கரையேறி வந்தான். ஓடைக்கரைக் கல்லுல உக்காந்தான். ஒரு வருசமா ஒருத்தன் கையிலயும் குடுக்காத கழுத்தை அண்ணாந்து காட்டிட்டுக் கண்ணை மூடுனான்.

"ஏல ரெண்டகா, கத்தியைக் கொண்டு வால. அரிக்குது."

ரெண்டகன் கத்தி எடுத்துட்டு ஓடுனான். அன்னைக்கு அவன் கை கொஞ்சம்கூட நடுங்கலையாம். பாதிச் சவரத்துலயே மூப்பன் குறட்டை விட்டுட்டானாம்.

அந்தக் கல்லு இன்னும் கிடக்கு. காலையில மாப்பிள்ளையை வீட்டுல வச்சுச் சிரைக்காம ஓடைக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாகளே ஏன்னு உங்க ஆளு ஒருத்தரு கேட்டாராம்ல? இதுக்குத்தான். எங்க வகையறாவுல தலைமுறைக்கு ஒருத்தனுக்கு ரெண்டகன்னு பேரு வைக்கிறதும் இதுக்குத்தான். ஊரு ஏசுன பேரை நாங்க ஆசையா எடுத்து வச்சுக்கிட்டோம். புதுசா உறவாக வாரவங்களுக்கு மொதக் கைச் சோறு உப்பில்லாமப் போடுறதும் இதுக்குத்தான். எங்க உப்பை உங்க மேல திணிக்க மாட்டோம். நீங்களாக் கேக்கணும்.

ஏ ரெண்டகா, மாப்பிள்ளைப் பயலே, உப்புக் கிண்ணத்தை எடுத்துட்டு வா. பொண்ணோட தாய்மாமன் இலையில இருந்து ஆரம்பி.

மச்சான், இப்பச் சொல்லும். எந்திரிக்கிறீரா? செருப்பு எடுத்துட்டு வரட்டா? என்ன, கண்ணைத் தொடைக்கீரு! கேக்கணும்னா சத்தமாக் கேளும், கடைசிப் பந்தி வரைக்கும் கேக்கட்டும்.

"யாரு உப்பு?"

ஏ, எல்லாரும் சேந்து சொல்லுங்கல!

"நம்ம உப்பு!"

அப்பாடா. சாப்பிடுங்க மச்சான், சோறு ஆறுது.